தொட்டிக்குள் ஒரு சிவப்பு நூல்

ஆரணியில் கடல் புழு கடித்து ஆஸ்பத்திரிக்குப் போனது எங்கள் அத்தை ஒருத்தியாகத்தான் இருக்கும். டாக்டர் நம்பாமல் இரண்டு முறை கேட்டார். ஊருக்கு இருப்பதோ கமண்டல நாக நதி. அதிலும் பாதி வருஷம் மணல்தான் ஓடும். அப்படிப்பட்ட ஊரில், பட்டு நெய்கிற வீட்டுக்குள் கடல் எப்படி வந்தது என்றால், சித்தப்பா கொண்டுவந்தார்.

சித்தப்பாவுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. வாடகை அறையில் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி ஒன்றை வைத்திருந்தார். தரை ஊறுகிறது என்று வீட்டுக்காரர் சத்தம் போடவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வேனில் ஏற்றி வந்து எங்கள் கூடத்தில் இறக்கிவிட்டார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள் நான்கு. நடுவே நண்பர் ஒருவர் கொடுத்த கடல்கல், உடம்பெல்லாம் ஓட்டை. அதைக் கல் என்று நினைக்கக் கூடாது, அதற்குள் ஆயிரம் உயிர்கள் குடியிருக்கின்றன, அவைதான் தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் என்று சித்தப்பா விளக்கினார். அந்த ஆயிரத்தில் எது நல்லது, எது கெட்டது என்று அவரும் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொள்ள எங்கள் சித்தப்பாவைப் போல ஆள் கிடையாது.

அவர் சனி, ஞாயிறுதான் வருவார். மற்ற நாட்களில் தீனி போடும் பொறுப்பு ஒன்பது வயதுக்காரியான எனக்கு. கோடை விடுமுறை வேறு. நான்கு மீனுக்கும் பெயர் வைத்து, தெருப்பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துக் காட்டினேன்.

தொட்டியைப் பிடிக்காதவள் வீட்டில் அத்தை ஒருத்திதான். அப்பாவின் தங்கை. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவு ஒன்று முடிந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகத் திரித்துப் பிணைக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தால் ஆயிரக்கணக்கான இழைகளும் முடிகிறவரை நிமிர மாட்டாள். “உப்புக் காத்து பட்டுக்கு ஆவாது. எதுக்கு இந்தப் பேஜாரு?” என்று அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் வாரம் ஒரு மீனைக் காணோம். துள்ளி வெளியே விழுந்திருக்கும் என்றார் சித்தப்பா போனில். அலமாரிக்கு அடியில், தறிக்குழிக்குள் எல்லாம் தேடினோம். தொட்டிக்கு மூடி இருந்ததே என்று யாருக்கும் தோன்றவில்லை. நான்கு நாளில் இன்னொன்று. அடுத்த வாரம் மூன்றாவதும் போனது. ஒரு முள், ஒரு செதில்கூட மிஞ்சவில்லை.

அன்று இரவு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, எல்லோர் முன்னாலும் சொன்னேன்: “அத்தைதான் எடுத்துப் போட்டுட்டாங்க. அவங்களுக்குத்தான் தொட்டியே பிடிக்கல.”

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அத்தையின் கை அப்படியே நின்றது. அம்மா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று எனக்குத் தைரியம் வந்தது. அத்தை அப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மீதிக் குழம்பையும் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

அப்போதெல்லாம் மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. தொட்டியில் பேட்டரியால் காற்று மட்டும் ஓடும், விளக்கு எரியாது, கூடம் இருட்டிக் கிடக்கும். நான் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போய்விடுவேன். மறுநாளிலிருந்து அத்தை அந்த நேரம் பார்த்து முக்காலியைப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார ஆரம்பித்தாள். மிச்சமிருக்கும் ஒரு மீனையும் முடிக்கத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, விளையாட்டை விட்டுவிட்டு நானும் கதவோரம் காவல் இருந்தேன்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. காலை பஸ்ஸில் வந்த சித்தப்பா மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். கதவோரம் நானும் கண்ணயர்ந்துவிட்டேன். சளக்கென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டு விழித்தால், அத்தையின் வலது கை முழங்கை வரை தொட்டிக்குள் இருந்தது. இடது கையில் டார்ச். கையை வெளியே எடுத்தாள். விரல்களுக்கு நடுவே, செக்கச் சிவந்து, டார்ச் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் ஊதா மின்ன, ஒன்று நெளிந்தது. பூரானுக்கு இருப்பதுபோல் இரண்டு பக்கமும் கால்கள். பாதி உடம்பு இன்னும் கல்லுக்குள் இருந்தது. அவள் இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருந்தது. எனக்குக் கத்தக்கூட வரவில்லை. பாவாடை நனைந்துவிட்டதை அப்புறம்தான் கவனித்தேன்.

“சித்தப்பாவ எழுப்பு, ஜல்தி,” என்றாள் அத்தை, பல்லைக் கடித்துக்கொண்டு.

சித்தப்பா வருவதற்குள் அது நழுவிக் கல்லுக்குள் போய்விட்டது. அத்தையின் மூன்று விரல்களில் கண்ணாடித் தூள்போல் வெள்ளை முட்கள். கட்டைவிரலில் கடிவாயிலிருந்து ரத்தம். அவர் கல் கொடுத்த நண்பருக்குப் போன் செய்தார். பேசப் பேச முகம் வெளுத்தது. கல்லோடு திருட்டுத்தனமாக வருகிற புழுவாம். இருட்டில் தலையை நீட்டி, கிட்டே வருகிற மீனை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுமாம். கல்லைத் தூக்கி வாளியில் நல்ல தண்ணீருக்குள் வைக்கச் சொன்னார் நண்பர். வைத்தோம். உப்பில்லாத தண்ணீர் தாங்காமல் முதலில் ஒரு நண்டுக்குஞ்சு வந்தது, பிறகு புழுவே வந்தது. அப்பா பழக்கதோஷத்தில் முழம் போட்டுப் பார்த்தார். ஒன்றரை முழம். ஒரு மாதமாக அதனோடு ஒரே கூடத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறோம் என்று நினைத்து அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், புழுவின் மேல் ஏன் கை வைத்தீர்கள் என்று கேட்டார்.

“நூலுன்னு நெனச்சிக்கினேங்க,” என்றாள் அத்தை. “கல்லுல செவப்பா ஒரு இழை நீட்டிகினு இருந்தது. கை சும்மா இருக்கல, எடுத்துட்டேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் வாய்விட்டுச் சிரித்தார். நம்பாமல் இருக்க வழியே இல்லை. எங்கள் வீட்டில் யார் தோளில் நூல் ஒட்டியிருந்தாலும் பேசிக்கொண்டே எடுத்துவிடுவார்கள். அப்பாவே ஒரு முறை பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் காலரிலிருந்து நூலை உருவ, அந்த ஆள் திரும்பி முறைத்தது உண்டு. தெருவெல்லாம் அந்தக் கதை பரவியது. தொட்டியில் நூல் எடுத்தவள் என்று அத்தைக்குப் பெயரே வந்தது. யாராவது அப்படிக் கூப்பிட்டால் அவளும் கூடவே சிரிப்பாள். ஒரு மாதம் அவளால் பாவு பிணைக்க முடியவில்லை. இழை விரலில் இருப்பதே தெரியவில்லை என்றாள். பக்கத்து ஊரான முள்ளிப்பட்டிலிருந்து வேறொரு பெண் வந்து பிணைத்துக் கொடுத்தாள். சித்தப்பா தொட்டியையும் மிச்சமிருந்த மீனையும் நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நானும் அத்தையை அந்த நூலைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறேன். இதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. ஏனென்றால் அன்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, முக்காலிக்குப் பக்கத்தில் கைக்குட்டை விரித்து அதன்மேல் வைத்திருந்த அவளுடைய வலது கை வளையல்கள் ஆறையும் பொறுக்கி அவளிடம் கொடுத்தவளே நான்தான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கண்ணில் பட்ட நூலை எடுக்கிறவர்கள் யாரும் வளையலைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்துவிட்டு எடுப்பதில்லை. ஒன்பது வயதில் எனக்கு அது தெரியவில்லை. நான் அவளிடம் கேட்டதெல்லாம், மீன் உயிரோடு இருக்கிறதா என்பதுதான்.