இரைச்சல் நின்ற வேளை

பாளையங்கோட்டையில் கேசட் பதிவு செய்த அந்த மனிதர் பாடகரின் முகத்தைப் பார்த்ததே இல்லை. காதில் ஹெட்போன், கண் வோல்ட் மீட்டரில், கால் ஓயாமல் ஆடும். மின்சாரத்தின் 'உம்'மென்ற இரைச்சல் ஹெட்போனில் எப்போதும் உண்டு. பக்கத்து அரிசி ஆலை ஓடினால் அது கூடும். எரிச்சலோடு மறுபடி பாடச் சொல்வார்.

உவரித் திருவிழாப் பாட்டுக்கு நான் ஆர்மோனியம் வாசித்த அன்று, மின்சாரமே வேண்டாமென்று டேப் மெஷினை லாரி பேட்டரியில் ஓட்டினார். உருகிப் பாடிய பாடகர், கடைசிச் சரணத்துக்கு முன் மூச்சு வாங்க ஒரு கணம் பாட்டை நிறுத்தினார். பதிவு செய்தவர் பதறிப்போய் மெஷினை நிறுத்திவிட்டார்.

"என்ன வே, நல்லாத்தானே போச்சு?" என்றேன்.

"இரைச்சலே கேக்கல அண்ணாச்சி. மெஷின் செத்துட்டுன்னுலா நெனச்சேன்."

மறுபடி பாடியபோது அந்த உருக்கம் வரவில்லை. எனக்கு ஆத்திரம். அவரோ பேட்டரியைக் கழற்றி, மெஷினை மின்சாரத்தில் மாட்டி, ஹெட்போனில் அந்த இரைச்சல் வந்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தார்.