எஸ்தர் நர்ஸ் சொன்ன பொய் எடை

திங்கட்கிழமை காலை நகராட்சி சுகாதார அலுவலகக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். பியூன் மாரி மழையில் நனைந்தபடி வந்து, "காந்தல் நர்ஸம்மா போயிட்டாங்க" என்றார். பத்து நாளாக மார்ச்சளி. எஸ்தர் நர்ஸுக்கு நாற்பத்திரண்டு வயதுதான். எங்கள் மலையூரின் ஏழைப் பகுதியான காந்தலில் அவரிடம் குழந்தையைத் தூக்கி வந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவருடன் குமாஸ்தாவாக இருந்த நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

யுத்த காலத்தில் தேயிலைத் தோட்டத்துத் துரைசானிகள் சிலர் சேர்ந்து காந்தல் குழந்தைகளுக்குப் பால் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். வயதுக்கு இத்தனை ராத்தல் எடை என்று ஓர் அளவு. அதற்குக் கீழே இருந்தால் பால் உண்டு, ஏறிவிட்டால் கிடையாது. செவ்வாய்தோறும் எஸ்தர் வில்தராசில் தூளி கட்டிக் குழந்தைகளை நிறுத்து எடையைச் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன்.

விறகு சுமப்பவரின் மனைவி சரசு. அவள் மகன் இரண்டு மாதமாக நன்றாகத் தேறி வந்தான். ஒரு செவ்வாய் திடீரென்று எடை இறங்கியிருந்தான்.

"காய்ச்சலா?" என்று கேட்டார் எஸ்தர்.

சரசு தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லீங்க. மூணு நாளா வெறும் கஞ்சித்தண்ணிதானுங்க குடுத்தேன். எடை ஏறிப்போச்சுன்னா பாலை நிறுத்திப்போடுவீங்கல்லொ."

எஸ்தர் குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "இனி வயிறு நிறையக் குடு. தராசை நான் பாத்துக்கறேன்" என்றார்.

அடுத்த வாரம் முள் அளவைத் தாண்டி நின்றது. எஸ்தர் ஒரு ராத்தல் குறைத்துச் சொன்னார். நிமிர்ந்து பார்த்தேன். "எழுதுங்க" என்றார். எழுதினேன். அதன்பின் தேறிய குழந்தைகள் எல்லோருக்குமே அப்படித்தான்.

ஆறு மாதம் கழித்து, எங்கள் சுகாதார அதிகாரியான டாக்டர் துரை எடை நோட்டைப் புரட்டினார். பால் குடித்து ஒரு குழந்தையும் தேறவில்லை, இது வீண் செலவு என்று எழுதப் போனார். எஸ்தர் என்னையும் அழைத்துக்கொண்டு அவர் முன் போய் உண்மையைச் சொன்னார். துரை கோபிக்கவில்லை. "தேறிவிட்டார்கள் என்றால் பால் எதற்கு?" என்று கேட்டார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்த எஸ்தர், "எப்படி எழுதினாலும் பால் நின்னுருக்குமுங்க" என்றார்.

பால் நின்றது. காந்தலுக்குப் போக வேறு ஆள் கிடைக்காததால் அவரை வேலையிலிருந்து நீக்கவில்லை. அந்த வேலையோடு கிடைத்த ஒற்றை அறையைத் தவிர அவருக்கும் போக்கிடம் இல்லை. மேலும் இரண்டு வருடம் வெறுமனே எடை போட்டார், இம்முறை உள்ளது உள்ளபடி. "நிறுத்து என்னங்க பண்றது?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். அவர் அடுத்த குழந்தையைத் தூளியில் வைப்பார். சரசுவின் மகன் வாரம் தவறாமல் எடை இறங்கினான். பால் நின்ற வருடத்து மழைக்காலத்தில் அம்மை வந்து போய்ச் சேர்ந்தான். அதுவரைக்கும் அவன் எடையை நான்தான் எழுதினேன்.

எஸ்தர் சொன்னதில் ஒன்று என்னிடம் தங்கிவிட்டது: "தூளியில வீரிட்டு அழற குழந்தையைப் பத்திப் பயமில்லீங்க. அழாம தொங்கறதைப் பாத்து வெச்சுக்குங்க."

அவர் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. அடக்கம் முடிந்த மறுவாரம் நானே தராசை எடுத்துக்கொண்டு காந்தலுக்குப் போனேன். பதினொரு குழந்தைகள் வந்திருந்தார்கள். நான்கு பேர் அழவில்லை.