டச்சிங் செய்யாத படம்

1952ஆம் வருஷம், புரட்டாசி. தீபாவளி விளம்பரத்துக்காக ஆம்பூர் பஜாரில் ஒரு செட்டியாருடைய ஜவுளிக்கடையின் முகப்பைப் படம் எடுத்தோம். கண்ணாடிப் பிளேட்டை (படம் பதிவதற்காக ஒருபக்கம் ரசாயனம் பூசிய தகடு) இருட்டறையில் சட்டத்துக்குள் பொருத்தியவன் நான். கழுவிப் பார்த்தபோது கடையின் பெயர்ப்பலகை இடம் வலமாக மாறியிருந்தது.

ஸ்டுடியோ என் நண்பர் கரீம் பாயுடையது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாபா தோஸ்த், தமிழ் போர்டை உருதுவாட்டம் வலதுலேர்ந்து படிக்க வெச்சுட்டியே! செட்டியார் எங்க ஜமாத்துல சேர்ந்துட்டார்னு ஊரே பேசப் போவுது."

நானும் சிரித்தேன். பிளேட்டைப் புரட்டிப் போட்டு அச்செடுத்துச் சமாளித்தோம்.

பிளேட்டின் ஒருபக்கம் வழுவழுப்பாகவும் ரசாயனம் பூசிய பக்கம் லேசான சொரசொரப்பாகவும் இருக்கும். இருட்டில் அதைக் கண்டுபிடிக்க, ரேகை படாமல் சுண்டுவிரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். அன்று இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தன. ரசாயனத்தில் ஊறி விரல் மரத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என் நோயின் முதல் அடையாளம் அதுதான் என்று இப்போது தெரிகிறது. இதே நோயோடு இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் 'ஷாப்' என்றால் கடையில்லை, தோல் பதனிடும் இடம். அங்கே தோல்களைத் தரம் பிரிக்கும் செலக்டராக இருந்தேன். விடுமுறை நாட்களில் கேமராவோடு பஜாருக்குப் போய்விடுவேன். வெளிநாட்டுப் புகைப்படப் பத்திரிகைகள் பழைய பேப்பர் கடையில் கிடைக்கும். அவற்றில் பனிமலைகளும் ஏரிகளும் இருக்கும். எனக்கு ஏரி வேண்டியிருக்கவில்லை. பூட்டுச் சாவிக் கடையின் கொக்கிகள், காலை வெயிலில் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றும் மளிகைக்கடைக்காரர், பிரியாணிக் கடை டேக்சாவின் மூடியைத் திறந்ததும் எழும் ஆவிக்குள் பாதி மறைந்த முகம் என்று அந்த ஒரு தெருவே எனக்குப் போதுமானதாக இருந்தது. எடுத்த ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி எழுதுவேன். தேதியில்லாத படத்தை நான் நம்புவதில்லை.

இடது கன்னத்தில், காதுக்குக் கீழே, வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. முழங்கையருகே இன்னொன்று. ஷாப்பில் சுண்ணாம்புக் குழியிலிருந்து மேலே தெறிக்காத ஆள் கிடையாது. வெளுத்த தோலைப் பார்த்தால் 'சுண்ணாம்பு பட்டது' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம். அப்படித்தான் நானும் சொன்னேன். என் மனைவி சரோஜா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

மறுவருஷம் சித்திரையில் வலது கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் உள்நோக்கி வளையத் தொடங்கிய பிறகே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் கன்னத்தைத் தொட்டார். தொடுகிறார் என்பது எனக்குத் தெரியவில்லை. முழங்கையின் உட்புறம் நரம்பை உருட்டிப் பார்த்தார். கயிறு போலத் தடித்திருந்தது. காது மடலைக் கீறி எடுத்த நீரைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்துச் சோதனைக்கு அனுப்பினார்.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"சுண்ணாம்புன்னு நெனைச்சேங்க."

"ஆம்பூர்லேர்ந்து வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றீங்க" என்றார். அவர் கோபிக்கவில்லை, களைத்திருந்தார்.

தொழுநோய். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. 'பெரிய வியாதி' என்றுகூட இல்லை, 'அது' என்று மட்டும்.

எவ்வளவு நாளாக என்ற கேள்வி என்னை விடவில்லை. பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். 1950ஆம் வருஷப் பொங்கலுக்கு கரீம் பாய் எடுத்த குடும்பப் படத்தில் என் கன்னம் ஒரே சீராக இருந்தது. பாயிடம் நெகட்டிவைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். காதுக்குக் கீழே தனியாக ஒரு திட்டு தெரிந்தது.

"அப்ப கறைன்னு நெனைச்சேன்பா. பிரஷ் வெச்சு டச்சிங் பண்ணிட்டேன்" என்றார் பாய். டச்சிங் என்பது அச்சுப் படத்தில் தழும்பு, பரு, அம்மைவடு முதலியவற்றை மையால் மறைப்பது. பணம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்பவர்களுக்கு எல்லா ஸ்டுடியோவும் செய்யும் மரியாதை அது. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. நான் தினமும் கண்ணாடியில் பார்த்த முகம்தானே.

ஷாப்பில் என்னை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொன்னார்கள். சரோஜா, பெண் கல்யாணியை அழைத்துக்கொண்டு குடியாத்தத்தில் தறி வைத்திருந்த அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டாள்.

"கல்யாணிக்கு ஒரு வழி ஆவட்டுங்க. அது வரைக்கும் அங்க இருக்கோம். அப்புறம் நான் வந்துர்றேன்."

அதை நான் ஒரு வாக்காக எடுத்துக்கொண்டேன். நோயைக் குணப்படுத்த வேண்டும், கையைக் காப்பாற்ற வேண்டும், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும் வரை விஷயம் வெளியே தெரியக் கூடாது. இது நடந்தால் என் குடும்பம் திரும்பி வரும்.

டி.டி.எஸ். மாத்திரை (கிருமியை மெல்லக் கொல்லும் மருந்து) வருஷக்கணக்கில் சாப்பிட்டேன். நடுவே ரியாக்‌ஷன் (கிருமி சாகும்போது உடம்பே சீறி எழுவது) வந்து, முழங்கை நரம்பில் நெருப்பு வைத்ததுபோல வலித்தது. தொட்டால் தெரியாத கை அப்படி வலிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

அந்த நாட்களிலும் கேமரா என்னிடம் இருந்தது. எடுத்த படங்களை ஒருநாள் பாய் மேஜையில் பரப்பினார். "இன்னாபா இது, எல்லாத்துலயும் ரோடுதான் ஜாஸ்தியா கீது?"

பார்த்தேன். டீக்கடை, வளையல் கடை, சைக்கிள் கடை எல்லாம் அந்தப் பக்கம். முன்னால் வெறும் சாலை. கடைக்காரர்கள் முகம் சுளிப்பதற்கு முன்பே நானாக எதிர்வரிசையில் நிற்கப் பழகியிருந்தேன். அதை எனக்குச் சொன்னது என் படங்கள்தான். பாய்க்கும் புரிந்துவிட்டது. அவர் எனக்கு டீ வரவழைத்தார், தம்ளரில் பாதி தமக்கு ஊற்றிக்கொண்டார்.

1956இல் கையில் அறுவை செய்தார்கள். நடுவிரலை மடக்கும் தசைநாண்களில் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) ஒன்றைப் பிரித்து மற்ற விரல்களில் சேர்த்தார்கள். கட்டுப் பிரித்ததும் விரல்கள் நிமிர்ந்தன. உணர்ச்சி திரும்பவில்லை; திரும்பாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

பயிற்சி கொடுத்தவர் தினமும் இரண்டு கைகளையும் விரித்து வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார். "இனிமே கை உங்களுக்கு ஒன்னும் சொல்லாது சார். நீங்கதான் கண்ணால கேக்கணும்."

எளிதாகத் தோன்றியது. பார்ப்பதுதானே என் பொழுதுபோக்கு. அந்தக் குளிர்காலத்தில், ஸ்டுடியோவில் படங்களைக் காயவைக்கும் விளக்கருகே பேசிக்கொண்டிருந்தபோது ஏதோ கருகும் வாசனை வந்தது. எங்கே என்று அறை முழுக்கத் தேடினேன். விளக்கில் சாய்ந்திருந்த என் சுண்டுவிரல்தான். நுனியை எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு தெருவையே பார்த்துத் தீராதவன் சொந்தக் கையைப் பார்க்க மறந்தேன். நீங்கள் தினமும் பாருங்கள்.

கிருமி இல்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த பிறகு, 1961 வைகாசியில், மைத்துனர் வந்தார். கல்யாணிக்கு ஒரு வரன் வந்திருந்தது. பெற்றோரோடு பெண் இருக்கும் படம் கேட்டார்களாம்.

"கை மட்டும் தெரியக் கூடாது மாப்ளே" என்றார், தரையைப் பார்த்தபடி.

ஸ்டுடியோவில் சரோஜாவைப் பல மாதங்களுக்குப் பிறகு பார்த்தேன். நான் நாற்காலியில், இடப்பக்கம் கல்யாணி, வலப்பக்கம் சரோஜா. வலது கையை நாற்காலிக்கு வெளியே, அவள் புடவை மடிப்புக்குப் பின்னால் தொங்கவிட்டேன். "கேமராவைப் பாரு தோஸ்த், கையைப் பாக்காதே" என்றார் பாய். கண்ணை எடுத்ததும் கை இல்லாமல் போயிற்று.

படம் கழுவி வந்தபோது மைத்துனருக்கு முகம் வாடியது. கை தெரிந்தது. ஆனால் நான் பார்த்தது வேறு. சரோஜாவின் இடது கை என் இரண்டு விரல்களையும் பிடித்துக்கொண்டிருந்தது. முந்தானை பாதி மூடியிருந்தது. அத்தனை நேரமும் பிடித்திருந்திருக்கிறாள். எனக்குத் தெரியவேயில்லை.

ஒரு பிரதியில் பாய் எங்கள் இரண்டு கைகளையும் மையால் மூடினார். அதுதான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. ஆனாலும் யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த இடம் தட்டிப்போயிற்று. அடுத்து வந்ததும் அப்படியே. கல்யாணி ஆசிரியைப் பயிற்சிக்குப் போய், வெளியூரில் வேலையில் இருக்கிறாள். சரோஜா அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். போன வருஷம் அங்கேயே காலமானாள்.

மறைப்பதற்காகப் பிடித்தாளா, பிடிப்பதற்காகவே பிடித்தாளா என்று அவளிடம் நான் கேட்கவில்லை.

டச்சிங் செய்யாத பிரதி என் மேஜையில் இருக்கிறது. அதன் பின்னால் மட்டும் இரண்டு தேதிகள் எழுதியிருக்கிறேன். ஒன்று, படம் எடுத்த நாள். மற்றது சில நாள் பிந்தியது, படம் கழுவி வந்து நான் பார்த்த நாள். அவள் என்னைத் தொட்டது அன்றுதான்.