திவசச் சோறு

ரத்தினம்மாவைச் சாதுவென்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபக்காரி என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். புத்தூர் அநாதை இல்லத்தில் எங்களுக்குச் சமைத்துப் போட்டவள். அவளுக்கு அந்தக் கோபம் இல்லாவிட்டால் நான் இன்று எவர் வீட்டிலோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

ஊர்ப் பெரிய மனிதர்கள் தங்கள் அப்பன் திவசத்துக்கு எங்களை உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். அதற்கென்று வகுப்பிலிருந்து எழுப்பி அழைத்து வருவார்கள். செத்தவர் பேரைச் சொல்லிக் கும்பிட்ட பிறகுதான் இலையில் கை வைக்க வேண்டும். புண்ணியம் அவர்களுக்குப் போகும். போன பாடத்தை எங்களுக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

ஆந்திராவிலிருந்த திருத்தணியைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்த்த வருஷம், எனக்கு எட்டாம் வகுப்புப் பரீட்சை. தவறினால் இல்லத்தில் இடமில்லை, வீட்டு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். கணக்குப் பரீட்சையன்று நான் கிளம்பிய நேரம் பார்த்து, ரேணிகுண்டா காண்டிராக்டர் கங்கையா அரிசி மூட்டையோடு வண்டியில் வந்து இறங்கினார். மேனேஜர் வேதாச்சலம் உடனே கேட்டைச் சாத்தினார்.

"தாட்சாயணி, உள்ள போய் உக்காரு. அநாதைப் பொண்ணுக்கு பரீட்சை ஒண்ணுதான் கேடா?"

அடுப்படியிலிருந்து ரத்தினம்மா கை துடைத்துக்கொண்டே வந்தாள். கங்கையாவைப் பார்த்துக் கேட்டாள்: "உங்க புள்ள வரலியா சாமி? தாத்தா திவசமாச்சே."

"அவனுக்குச் சித்தூர்ல பரீட்சை நடந்துகினு கீது," என்றார் அவர், பெருமையாக.

ரத்தினம்மா குரலை உயர்த்தவேயில்லை.

"சொந்தப் பேரன் பரீட்சை எழுதுவான். எங்க பொண்ணு மட்டும் உங்க நைனாவுக்காக உக்காந்து துன்னணுமா? நான் அடுப்பு பத்த வைக்க மாட்டேன்."

வேதாச்சலத்தின் கையைத் தள்ளிவிட்டுக் கேட்டைத் திறந்தாள். "ஓடுடி," என்றாள். ஓடினேன்.

சாயங்காலம் திரும்பியபோது அவள் துணி மூட்டை வாசலில் கிடந்தது. வேலை போய்விட்டது. கொடுத்த தானத்தைத் திருப்பி எடுத்தால் பாவம் என்று கங்கையா அரிசியை விட்டுவிட்டுப் போயிருந்தார். பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று அவள் அதைத்தான் பொங்கிக்கொண்டிருந்தாள்.

இலையில் சோறு விழுந்ததும் பழக்கத்தில் கை கூப்பினேன். செத்தவர் பேரைச் சொல்ல வாயெடுத்தேன். ரத்தினம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"எவன் பேரையும் சொல்ல வாணாம். பரீட்சை எழுதிட்டு வந்துகிற, பசிக்கும். துன்னு."