கழற்றாமல் விட்ட காப்பு

பாலம்மாவின் வலது உள்ளங்கால் எரிய ஆரம்பித்தது கண்டிக்கு ரயில் வருவதற்கு இரண்டு வருசம் முந்தி. கலகெதரைக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்தில் அவளும் புருசன் லெட்சுமணனும் கூலி வேலைக்குப் பேர் பதிந்திருந்தார்கள். ஒரு மழை நாளில் பழ மூட்டையோடு சரிவில் இறங்கும்போது அவளுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. வீக்கம் பாதி வடிந்தது, மீதி அப்படியே தங்கிவிட்டது. எரிச்சல் அதற்கு அப்புறம்தான் வந்தது.

எரிச்சல் என்றால் சும்மா எரிச்சல் இல்லை. மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்தாற்போல உள்ளங்கால் காந்தும், பெருவிரலில் ஊசி குத்தும். நின்று வேலை செய்தால் கூடும், காலை நீட்டி உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். வெளியே பார்த்தால் புண் இல்லை, சிவப்பு இல்லை. கண்ணுக்குத் தெரியாத நோவை யார் நம்புவார்கள்? கங்காணி அவளுக்கு வேலைக்கள்ளி என்று பட்டம் கட்டினார். லெட்சுமணன் அப்படிச் சொல்லவில்லை, அந்தமட்டுக்கு நல்லவன். ஆனால் அவன் பார்த்த வைத்தியத்துக்குக் கங்காணியின் ஏச்சே தேவலை. எருக்கிலையை வாட்டி ஒத்தடம் கொடுத்தான், விளக்கெண்ணெய் போட்டு முறுக்கித் தேய்த்தான். கடைசியில் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் யாரோ சொன்னார்கள் என்று மஞ்சள் கிழங்கைக் கொளுத்தி உள்ளங்காலில் சூடு வைத்தான். அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். சூட்டுப் புண் ஒரு மாதத்தில் ஆறியது, எரிச்சல் இருந்த இடத்திலேயே இருந்தது.

மாடுகளில் அரிசியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வருகிற முஹைதீன்தான், கலகெதரையில் ஒரு சிங்கள வைத்தியர் இருக்கிறார், எலும்பும் நரம்பும் அவருக்குக் கைவந்தது என்று சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் இறங்கிப் போனார்கள்.

வைத்தியர் சூடு வைத்த தழும்பைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு உள்ளங்காலை விட்டுவிட்டு, கணுக்காலில் கிடந்த காப்பை ஒதுக்கி, உள்பக்க எலும்புக்குப் பின்னால் ஒற்றை விரலால் மெல்லத் தட்டினார். பாலம்மா வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள்.

“பெருவிரல் வரைக்கும் சுர்ருன்னு ஓடுதுங்க” என்றாள்.

அவர் தலையாட்டிச் சிங்களத்தில் சொன்னதை முஹைதீன் தமிழில் எடுத்துச் சொன்னார்.

“உள்ளங்காலுக்குப் போற நரம்பு இந்த எலும்புக்குப் பின்னால ஈக்குதாம். வீங்கின கால்ல இந்தக் காப்பு இறுகி அத நசுக்குதாம். எரியிறது கீழ எண்டாலும் கோளாறு மேலதானாம். காப்ப அறுத்துப் போட்டு, ரெண்டு மாசம் சுமை தூக்காம கால ஒசத்தி வெச்சா செரியாகுமாம். விட்டா நரம்பு செத்துப் போயிருமாம்.”

அந்தக் காப்பு கல்யாணத்தன்று ஊரில் ஆசாரி காலிலேயே தட்டி மூட்டிய வெள்ளிக் காப்பு, சுண்டுவிரல் கனம். அவர்கள் சனத்தில் புருசன் செத்த பதினாறாம் நாள்தான் அதை அறுப்பார்கள். லெட்சுமணனுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஊரைவிட்டுத் தோணியில் வந்து மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக நடந்து வந்தபோது அவன் அண்ணியின் காப்பு பாறை இடுக்கில் சிக்கி உடைந்தது. மூன்றாம் நாள் அண்ணன் பேதியில் போய்விட்டான். அந்த வருசம் அந்தப் பாதையில் பேதியில் போன ஆண்கள் எத்தனையோ பேர், அவர்கள் பெண்டாட்டிமார் காலில் காப்பு முழுசாகத்தான் இருந்தது. பயம் பிடித்த மனுசன் அதையெல்லாம் எங்கே யோசிக்கிறான்?

“அது மட்டும் ஆகாது. வேற மருந்து ஏதும் இருந்தா குடுக்கச் சொல்லுங்க” என்றான்.

வைத்தியர் ஒரு எண்ணெயைக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார்.

திரும்பி ஏறும்போது பாலம்மா மெதுவாகக் கேட்டாள். “ஒரு ரெண்டு மாசம் அறுத்து வெச்சிட்டு, அப்புறம் பெருசா அடிச்சுப் போட்டுக்கலாமேங்க?”

“என்னைய எரிச்சிட்டு வந்து அறு” என்றான் லெட்சுமணன்.

அதற்குப் பிறகு அவள் காப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் பின்னாளில் அவனுக்கு வாயில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

ஒன்றரை வருசம் அப்படியே போயிற்று. ஒரு நாள் பாலம்மா, எரிச்சல் நின்றுவிட்டது என்றாள். லெட்சுமணனுக்குத் தலைகால் புரியவில்லை. மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்து லயம் முழுக்கக் கொடுத்தான். “பாத்தியா, காப்பும் இருக்கு, நோவும் போச்சு” என்று அவளைச் சீண்டினான், அவளும் சிரித்தாள். எரிச்சலோடு சேர்ந்து உணர்ச்சியும் போய்விட்டது என்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வைத்தியர் சொன்னதை அவன் அடியோடு மறந்திருந்தான்.

கவ்வாத்துக் காலத்தில், வெட்டிய கோப்பிக் கிளைகள் காடு முழுக்கக் கிடந்த நேரம், ஒரு நாள் வேலை முடிந்து எல்லாரும் இறங்கினார்கள். பின்னால் வந்தவர்கள்தான் பாதையில் இரத்தத்தைக் கண்டு அவளை நிறுத்தினார்கள். வலது உள்ளங்காலில் விரல் நீளத்துக்கு ஒரு குச்சி ஏறியிருந்தது. காலையிலிருந்து அதோடுதான் நடந்திருக்கிறாள், பாவி மகள். புண் பழுத்தது, விரல்கள் கறுத்தன. டோலி கட்டிக் கண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பாதத்தில் பாதியை எடுக்க வேண்டும் என்றார்கள், முதலில் காப்பைக் கழற்றச் சொன்னார்கள். லெட்சுமணன் தானே அரம் வாங்கி வந்து அறுத்தான். அறுத்துவிட்டு வெளியே படியில் உட்கார்ந்து தன் சாவுக்குக் காத்திருந்தான். பொழுது சாய்ந்தது, அவனுக்குப் பசிதான் வந்தது.

அதற்கப்புறம் பாலம்மாவால் மலை ஏற முடியவில்லை. கண்டி டவுனில் ஒரு கோப்பி ஸ்டோரில், பெண்கள் தரையில் உட்கார்ந்து கொட்டை பொறுக்குகிற வேலை கிடைத்தது. அவன் அங்கேயே மூட்டை சுமந்தான். காலையும் மாலையும் அவளைத் தோளில் சாய்த்துக் கூட்டிப் போவான். பார்க்கிறவர்கள் அவனைத் தங்கமான புருசன் என்பார்கள், அவனுக்கு உடம்பெல்லாம் கூசும்.

பதினைந்து வருசம் ஓடிவிட்டது. மனசில் கிடந்து அறுத்ததை ஒரு நாள் மத்தியானம் கேட்டே விட்டான். பழியில் பாதியையாவது அவள் தலையில் வைத்தால் கொஞ்சம் மூச்சு விடலாமே என்ற ஆசை, வேறென்ன?

“நான் வேணாம்னு சொன்னாலும் நீயா ஒரு அரத்த வாங்கி அறுத்திருக்கலாமே, பாலம்மா. நான் நாலு ஏச்சு ஏசியிருப்பேன், அவ்வளவுதானே?”

அவள் கொட்டையைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

“அரம் வாங்கினேங்க, முஹைதீன் அண்ணன்கிட்ட. ஒரு நாள் வெச்சு ராவவும் ஆரம்பிச்சேன். ஒங்க அண்ணன் மாதிரி நீங்களும் போயிட்டா என்ன செய்யிறதுன்னு கை ஓடல. என் காலுதானே, போனாப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

அப்போது லெட்சுமணனுக்கு வயது ஐம்பது. அந்தப் பதினைந்து வருசத்தில் ஒரு நாள்கூட அவன் காய்ச்சல் என்று படுத்ததில்லை.