கௌலத் மாமி பள்ளி பார்க்கப் போன நாள்

கோபாலபுரம் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் கௌலத் என் மாமன் மனைவி. புதுப் பள்ளிவாசல் திறப்புக்கு அவளைப்போல் யாரும் காத்திருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் பள்ளிக்குள் போவதில்லை, அடக்கம் செய்கிற கபர்ஸ்தானுக்கும் போவதில்லை. புதிதாகக் கட்டினால் மட்டும், முதல் தொழுகைக்கு முன் ஒரு நாள் பெண்களை உள்ளே விட்டுக் காட்டுவார்கள். லாரி மோதிச் செத்த அவள் மகன் நௌஃபல் அந்தப் பள்ளிக்குப் பின்னால்தான் அடங்கியிருக்கிறான். அவன் கபரை மாமி கண்ணால் பார்த்ததே இல்லை. அன்று எப்படியும் பார்த்துவிட வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பழைய ஓட்டுப் பள்ளி மழையில் இடிந்து விழுந்துவிட்டது. அதன் நினைவாகக் கட்டியதாம் இது. கல்யாண மண்டபம் மாதிரி சரவிளக்கு, நிறம் மாறும் எல்.இ.டி., கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய உத்தரத்தில் ஒரு துண்டு. அதற்கு ஏசி வேறு. அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்க ஒரு கூட்டம்.

கமிட்டிச் செயலாளர் அஷ்ரஃப் அத்தர் மணக்க முன்னால் நடந்தான். "பாத்தீங்களா மாமி, பழைய பள்ளிய நாங்க மறக்கவே இல்லீங்க."

"அது கெடக்கட்டும் தம்பி. என்ற பையன் எங்க இருக்கான்? மேக்குச் செவுத்தோரம்னு சொன்னாங்க. தலைமாட்டுல நட மருதாணிக் கொம்பு குடுத்து உட்டேன்."

அஷ்ரஃப் பின்வாசலைத் திறந்தான். சுவருக்குச் சுவர் சிமெண்ட் கல் பதித்து, வெள்ளைக் கோடு போட்டு, கார்களை நிறுத்தியிருந்தார்கள். தலைமாட்டில் நடுகிற மீசான் கல் ஒன்று இல்லை, ஒரு செடி இல்லை.

"எல்லாரும் அடியிலதானுங்க இருக்காங்க. ஒருத்தரையும் தோண்டலீங்க. வண்டி நிறுத்த எடம் பத்தலீங்க, அதான்."

உளுத்த மரத்துக்குக் கண்ணாடிப் பெட்டி, பெற்ற பிள்ளை நெஞ்சின் மேல் டயர். த்தூ! அவன் மூஞ்சியிலேயே துப்பியிருப்பேன். மாமி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த எடம்னு மட்டும் காட்டு தம்பி. ஒரு சலாம் சொல்லிட்டுப் போயர்றேன்."

அஷ்ரஃப் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பார்த்தான். பிறகு சுவரோரம் ஓர் இடத்தைக் கைகாட்டினான். "இதானுங்க மாமி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க."

மாமி அங்கே உட்கார்ந்து, சுடுகிற கல்மேல் உள்ளங்கையை வைத்து, "அஸ்ஸலாமு அலைக்கும், ராசா" என்றாள். கன்னத்தையும் வைத்தாள். வெகுநேரம் அழுதாள். எழுந்து வந்து, நீ நல்லாயிருக்கணும் என்று அஷ்ரஃபின் கையைப் பிடித்து துஆ செய்தாள்.

வெளியே வரும்போது திரும்பிப் பார்த்தேன். அந்த வரிசையில் கார் நிற்காத இடம் அது ஒன்றுதான்.