எல்லாக் கடையும் மூடிய வியாழக்கிழமை

நாற்பத்தொன்று. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்கு இறங்கும் அந்த வளைந்த தெருவில் இருந்த கடைகள் அத்தனை. ஒவ்வொன்றையும் சொந்தக்காரரே நடத்தினார். பெரிய கம்பெனியின் கிளை என்று ஒன்றுகூடக் கிடையாது. பொம்மைக்குக் கண் மாற்ற ஒரு கடை, பழைய தேசப்படம் விற்க ஒரு கடை, ஒரு கால் பெரிது ஒரு கால் சிறிது என்று பிறந்தவர்களுக்கு ஒற்றைச் செருப்பாக விற்க ஒரு கடை. புதிதாக வருகிறவன் பார்த்துச் சிரிப்பான். சிரித்துவிட்டு எதையாவது வாங்கிக்கொண்டுதான் போவான்.

தெருமுனையில் மூடிக்கடை. மூடி மட்டும்தான் விற்கும். குக்கர், பிளாஸ்க், ஜாடி, டிபன் பாக்ஸ், எதன் மூடி தொலைந்தாலும் இங்கே வரவேண்டும். மூடியக்கா பாத்திரத்தின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவுவாள். தலையைத் திருப்பாமலே பின்னால் இருக்கும் தட்டில் கைவிட்டு ஒன்றை எடுப்பாள். பொருந்தும். பத்தொன்பது வருடமாக இதே வேலை. உப்புக்காற்று தின்றுவிடாமல் இருக்க ஒவ்வொரு மூடியையும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பாள்.

"உலைவாய மூட எங்கிட்ட மூடி இருக்கு. ஊர்வாய மூடத்தான் இன்னும் சரக்கு வரல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சலிக்காமல் சொல்வாள்.

அந்தக் கடைக்குத்தான் ஆபத்து வந்தது. முனைக் கட்டடத்தை ஒரு பெரிய கம்பெனி கேட்டது. மூடிக்கடையையும் பக்கத்து இரண்டு அறைகளையும் இடித்து ஒரே கடையாக்கத் திட்டம். கட்டடத்தின் உரிமையாளர் தலையாட்டிவிட்டார். குறுக்கே நின்றது ஒரே ஒரு நகராட்சி விதி. ஒரு தெருவில் சொந்தக்காரர் நடத்தும் கடை குறைந்தது இருபத்தைந்து இயங்கினால் அங்கே கிளைக்கடைக்கு அனுமதி கிடையாது. சரிபார்க்க அதிகாரி ஒருவர் அந்த வாரத்தில் ஏதாவது ஒரு நாள் வருவார். எந்த நாள் என்று சொல்லமாட்டார். திறந்திருக்கும் கடைகளை எண்ணுவார், போவார்.

ஆக, செய்யவேண்டியது ஒன்றுதான். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆனால் தெருவுக்குச் சங்கம் இருந்ததே! சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. சலூனில் கூட்டம் கூடியது. சலூன்காரர்தான் தலைவர். சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசினார்.

"வியாழக்கிழமை முழுக் கடையடைப்பு. எல்லாரும் நகராட்சி வாசல்ல போய் உக்காருறோம். நம்ம பலத்த அவங்க பாக்கட்டும்."

மூடியக்காவின் கொழுந்தன் எழுந்தான். நகல் எடுக்கும் கடை வைத்திருப்பவன், அதிகம் பேசாதவன்.

"அன்னைக்கே எண்ண வந்துட்டா?"

"எப்படிய்யா வருவான்? அவன் ஆபீஸ் வாசல்லதானே நாம உக்காந்திருப்போம். நம்மள தாண்டி எங்க போவான்?"

எல்லோரும் கை தட்டினார்கள். எல்லோரையும்விட பலமாகத் தட்டியது மூடியக்கா.

வியாழன் காலை கொழுந்தன் கடை திறந்திருந்தது. இன்னும் சிலரும் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். மூடியக்கா நேராகப் போய் அவன் வாசலில் நின்றாள்.

"என்ன தம்பி, கருங்காலி வேலை பாக்குறீங்களா?"

"அண்ணி, உங்க கடைக்காகத்தான் சொல்றேன். நாலு பேராவது தெறந்து வைப்போம்."

"என் கடைக்காகத்தான் ஊரே போகுது. நீங்க மட்டும் கல்லாவுல உக்காந்திருப்பீங்களா? உங்கண்ணன் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

அவன் கல்லாவைப் பூட்டிவிட்டு வெளியே வந்தான். அவளே ஷட்டரை இழுத்து மூடினாள். அது மூடிய சத்தத்தில் பாதி தூக்கியிருந்த மற்ற ஷட்டர்களும் இறங்கின.

வெயிலில் ஆறு மணி நேரம் உட்கார்ந்தார்கள். தொண்டை கட்டக் கத்தினார்கள். முன்வாசலில் ஓர் ஈ நுழைய இடமில்லை. கட்டடத்துக்குப் பின்னால் இன்னொரு கேட் இருந்தது. பதினோரு மணிக்கு அதிகாரி அந்த வழியாக வண்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார், எண்ணினார், சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார்.

மறுவாரம் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். இயங்கும் கடைகள்: இல்லை.

மூடியக்கா நகராட்சிக் கவுண்டருக்கு ஓடினாள்.

"சார், நாங்க எங்க இருந்தோம்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க வாசல்லதானே சார் இருந்தோம்!"

"தெரியும்மா. நீங்க கத்துனது மாடி வரைக்கும் கேட்டுச்சு." அதிகாரி கெட்டவரில்லை. நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டார். "ஆனா படிவத்துல கடை தெறந்திருக்கா இல்லையான்னு மட்டும்தான் கேட்டிருக்கு. எங்க போயிருந்தாங்கன்னு கேக்கலையே."

"திரும்ப ஒருதரம் எண்ணுங்க சார். இப்பவே வாங்க. எல்லாம் தெறந்திருக்கு."

"மூணு வருஷம் ஆகும்மா அடுத்த கணக்குக்கு."

சலூன்காரர் மேல்முறையீடு என்றார். பிறகு மனு என்றார். பிறகு கத்தரியை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளரின் தலையைப் பார்க்கத் தொடங்கினார்.

காலி செய்த நாளில் கொழுந்தன் வந்து மூட்டை கட்டினான். "நான் அப்பவே சொன்னேன்" என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளும் திருப்பித் திட்டியிருப்பாள், கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். அவன் சொல்லவில்லை. "கயித்த பிடிங்க அண்ணி" என்றான். பிடித்தாள்.

மூடிகள் பதினாறு சாக்கில் வீட்டுக்குப் போயின. தட்டு இருந்தவரை கைக்கு வழி தெரிந்தது. சாக்கில் எது எங்கே என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரி தேடிவந்து ஒரு ஜாடியை நீட்டினாள். மூடியக்கா ஒரு மணி நேரம் தரையில் கொட்டித் தேடிவிட்டு ஜாடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

நான்காம் மாதம் முனையில் புதுக்கடை வந்தது. மூடியக்கா எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாள். பிறகு கிட்டே போனாள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. பயந்து ஓரடி பின்னால் வைத்தாள்; மூடிக்கொண்டது. மறுபடி முன்னால் வந்தாள், திறந்தது. உள்ளே சீருடை போட்ட பெண், "வாங்கம்மா, என்ன வேணும்?" என்று சிரித்தாள்.

மூடியக்கா உள்ளே போகவில்லை. கதவில் சின்ன எழுத்தில் ஒட்டியிருந்ததைப் படிப்பதுபோல் நின்றாள்.

கிளை எண் 318.